அசையாத நாலு

கிடங்கில் எல்லோரும் அவரைப் புறங்கை என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பொருளையும் அவர் புறங்கையை வைத்துத்தான் பார்ப்பார். உள்ளங்கை உழைத்துக் காய்த்துப்போனது, அது பொய் சொல்லும், புறங்கைத் தோலுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வெட்கம் பாக்கி இருக்கிறது என்பது அவர் கட்சி. கணினிப் பெட்டியின் முதுகு, குளிர் அறையின் கதவு, டீ டம்ளர், எல்லாவற்றுக்கும் அதே கை. பேசிக்கொண்டிருக்கும்போதே அது தானாகத் திரும்பி எதன் மீதாவது போய் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது அவர் நெற்றியிலேயே வைத்துவிட்டார். மேலாளர் அரண்டுபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்னையும் பெட்டின்னு நெனச்சிட்டீங்களா?"

"நல்ல ஜுரம் சார். வீட்டுக்குப் போங்க" என்றார் புறங்கை.

ஜுரம் இருந்தது.

அது மருந்துக் கிடங்கு. ஆறு குளிர் அறைகள். தடுப்பூசிகளும் இன்சுலினும் வேறு சில மருந்துகளும் அட்டைப் பெட்டிகளில் வந்து, கொஞ்ச காலம் தங்கி, வேனில் ஏறிச் சிறிய ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் போகும். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து கெடும். எட்டுக்கு மேலே போனால் சூட்டில் கெடும். கெட்டுப்போன மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். புளித்துப் போவதில்லை. நாறுவதில்லை. குழந்தையின் கையில் ஏறி, ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடும்.

அறைகளுக்குள் பெட்டி தூக்கி அடுக்குவது கம்பளி. அது அவள் போட்டிருக்கும் கோட்டால் வந்த பெயர். வெளியே வெயில் கொளுத்தினாலும் அவள் அதைக் கழற்ற மாட்டாள். கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டுவதற்குள் மேலாளர் ஏதாவது சொல்வார் என்பாள். அறைகளின் சூட்டைப் பார்த்துக்கொள்வது புறங்கையின் வேலை. அதாவது அவருடைய கணினிகளின் வேலை.

கணினிகள் என்று சொன்னாலும் உண்மையில் இருந்தது ஒரே ஒரு பெரிய பெட்டிதான். படிக்கட்டுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். அதற்குள் நாலு கணினிகள் தனித்தனியாக வாழ்ந்தன. பாடப்புத்தகம் அவற்றை மெய்நிகர் கணினி என்று சொல்லும். புறங்கை குடித்தனம் என்பார். ஒரு வீட்டுக்காரன், நாலு குடித்தனம். ஒவ்வொரு குடித்தனமும் மொத்த வீடும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒன்று கணக்குப் பார்த்தது. ஒன்று வந்த பெட்டியும் போன பெட்டியும் குறித்தது. ஒன்று கேமராக்களைக் கவனித்தது. நாலாவதுதான் குளிர்க் குடித்தனம். ஆறு அறைகளிலிருந்தும் வரும் சூட்டுமானிகளின் கம்பிகள் எல்லாம் பெட்டிக்குள் செருகிய ஒரு கார்டில் வந்து சேர்ந்தன. அந்தக் கார்டைத் தன் கையில் நேராகக் கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்று குளிர்க் குடித்தனத்தின் மென்பொருள் அடம்பிடித்தது. கொடுத்தாயிற்று.

இதை ஒருமுறை மேலாளருக்கு விளக்க வேண்டி வந்தது.

"எல்லாக் குடித்தனமும் வீட்டுக்காரன் தொட்டியிலேர்ந்துதான் தண்ணி புடிக்குது சார். இவன் மட்டும் எனக்குத் தனி மோட்டார் வேணும்னான். சரி, இந்த மோட்டார் உன்னோடது, நான் கை வைக்க மாட்டேன்னு வீட்டுக்காரன் குடுத்துட்டான்."

"சரி."

"ஆனா கரண்டு பலகை வீட்டுக்காரன் செவுத்துல இருக்கு. மோட்டார்ல பொறி பறந்தா மொதல்ல தெரியறது அவனுக்குத்தான்."

"தெரிஞ்சா?"

"குடித்தனக்காரன உள்ள வச்சுக் கதவப் பூட்டிடுவான்."

"எதுக்கு?"

"வீடு மொத்தமும் பத்திக்கக் கூடாதே."

விளக்க வேண்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. கார்டுக்கு வயதாகிவிட்டது. அவ்வப்போது ஒரு பிழையை வெளியிடும். பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும் சின்னப் பிழை. எப்போதாவது தன்னால் சரிசெய்ய முடியாத ஒன்று வரும். உடனே வீட்டுக்காரன், பெட்டியோடு வந்த சட்டப்படி, குளிர்க் குடித்தனத்தை அப்படியே நிறுத்திவிடுவான். அதற்கு ஏன் நிறுத்தினார்கள் என்றுகூடத் தெரியாது. நினைத்துக்கொண்டிருந்த நினைப்பின் நடுவிலேயே நின்றுபோகும். நடைபாதையில் ஆறு அறைகளுக்கும் பொதுவாகத் தொங்கிய திரை கறுத்துப்போகும். திரைக்குத் தகவல் வரவில்லை என்று சங்கு ஊதும். சங்கு ஊதினால் எல்லோரும் ஓட வேண்டும். ஓடிப் பார்த்தால் அறைகள் ஜம்மென்று குளிர்ந்துகொண்டிருக்கும்.

இப்படிச் சில தடவை ஓடிய பிறகு மேலாளர் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஒரு தும்மல் போட்டா ஆளையே பொதைக்கிறதா? என்ன மெஷின் இது?"

"கார்டு மாத்தணும் சார்."

"சொல்லி அனுப்பியாச்சு. அந்த மாடல் இப்ப செய்யறதில்லையாம். தேடிக்கிட்டிருக்காங்க. அது வர்ற வரைக்கும் இந்தச் சங்கு ஊதக் கூடாது. முதலாளி இருக்கும்போது ஊதிச்சு பாருங்க, அவரும் எங்கூட ஓடினார்."

புறங்கையின் முன்னால் வேறு ஒரு வழி இருந்தது. கதவைப் பூட்டாமல், வந்த சேதியைக் குடித்தனக்காரனிடமே சொல்லிவிடுவது. உன் மோட்டாரில் பொறி பறக்கிறது, நீயே பார்த்துக்கொள். அவன் கார்டை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்ப்பான். எழுந்தால் வேலையைத் தொடர்வான். எழாவிட்டால், எழவில்லை என்று சொல்வான். அதற்குக் குடித்தனக்காரனுக்குச் சேதியை வாங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருநாள் முழுக்க நிறுத்தி வைத்துச் சோதிக்க வேண்டும்.

"ஒருநாள் நிறுத்தறதா?" என்றார் மேலாளர். "வேற வழி இல்லையா?"

வேறு வழி என்பது சுலபமாக இருந்தது. வீட்டுக்காரனின் காதை அடைத்துவிடுவது. கார்டு என்ன பிழையைச் சொன்னாலும் அவன் கேட்டுக்கொள்ள மாட்டான். யாரையும் நிறுத்த மாட்டான், யாரிடமும் சொல்லவும் மாட்டான். புறங்கை ஒரு வரியைத் தட்டிவிட்டு, புதுக் கார்டு வரும் வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு சங்கு ஊதவில்லை. மேலாளர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்க ஆரம்பித்தார். புதுக் கார்டு வரவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

புறங்கைக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராத ஒன்று இருந்தது. திரை வந்த புதிதில், கதவை ஓங்கிச் சாத்தினால் கம்பி அதிர்ந்து, அறையின் சூடு அறுநூறு டிகிரி என்று காட்டிவிடும். "அறுநூறா? அப்ப நான் வெந்து எறங்கியிருக்கணுமே" என்று கம்பளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடக்க முடியாத எண் வந்தால் அதைத் தள்ளிவிட்டு, அதற்கு முன் வந்த நல்ல எண்ணையே காட்டு என்று அப்போது குளிர்க் குடித்தனத்துக்குப் புறங்கை சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்காரனுக்குக் காது இல்லை. குடித்தனக்காரனுக்குக் கெட்டதைச் சொல்லும் வாய் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள், வேறு வேறு காலத்தில், இரண்டு தடவையும் நல்ல எண்ணத்தில்.

வீட்டில் மாலையானால் அவர் அக்காவுக்குப் போன் செய்வார். அக்கா வேறு ஊரில், பஸ் மாறிப் போகும் தூரத்தில், ஒரு பழைய மாடி வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவரைச் சோறூட்டி வளர்த்தது அவள்தான். புறங்கையால் பார்ப்பதும் அவளிடமிருந்து வந்த பழக்கம். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் அவர் படுத்துக்கிடக்கும் நாட்களில் அவள் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எந்திரிடா கள்ளா" என்பாள்.

"சாப்டியாக்கா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. முட்டி வலி?"

"பரவால்ல. வேலையெல்லாம்?"

"நல்லாப் போகுது."

"சரி வை. காசு ஏறும்."

காசு ஏறுகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. இருந்தாலும் அவள் அதைச் சொல்லாமல் வைத்ததில்லை. அவருடைய மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒருநாளைக்கு நீங்க பேசாம இருங்க, நான் உங்க குரல்ல பேசிப் பாக்கறேன். அங்கேயும் யாராவது அவங்க குரல்ல பேசட்டும். ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது."

"நலம் விசாரிக்கறதுன்னா அப்படித்தான் இருக்கும்."

"விசாரிச்சீங்களா? எப்போ?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒருநாள் காலை மேலாளர் புறங்கையின் தோளில் கைபோட்டு நடைபாதைத் திரைக்கு அழைத்துப் போனார். முதலாளிக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எண்களுக்குக் கீழே ஆறு அறைகளுக்கும் ஆறு கோடுகள். ஆறும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தன.

"பாத்தீங்களா? கோடுன்னா இது கோடு. முன்னாடியெல்லாம் மலையும் பள்ளமுமா இருக்கும். முதலாளி அசந்துட்டார். இந்த வருஷம் உங்க பேர நான் மேல சொல்லப்போறேன்."

புறங்கை சிரித்தார். எல்லா அறைகளும் நாலு டிகிரியில் இருந்தன. அவருக்கும் அந்தக் கோடு பிடித்துத்தான் இருந்தது.

மதியத்துக்கு முன்னால் டீ குடிக்கும் இடத்தில் கம்பளி வந்து உட்கார்ந்தாள். கோட்டின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன.

"அண்ணே, உங்க அஞ்சாம் ரூமுக்கு இன்னிக்கு நல்ல மனசு வந்துருச்சு."

"என்ன?"

"காலையில வேனுக்குப் பெட்டி எடுத்தேன். கையுறையே போடல. மத்த ரூம்ல நின்னா மூக்கு எரியும். இதுல நின்னா தூக்கம் வருது. எல்லா ரூமையும் இப்படி வைங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காலையில திரை பாத்தியா?"

"பாத்தேனே. நாலு. என் ஒடம்புதான் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து போனார். அவள் பின்னாலேயே வந்தாள். திரையில் ஐந்தாம் அறை நாலு. முதல் அறையும் நாலு. அவர் முதல் அறையின் கதவைத் திறந்து, "இதப் புடிச்சுக்கிட்டு நில்லு" என்றார்.

"குளிர் போயிடும்ணே. மேனேஜர் பாத்தா என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவார்."

"புடி."

அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குளிர் புகையாக வெளியே வந்து அவர்கள் கால்களில் மோதியது. உயிரோடு இருக்கும் திரை என்றால் இதற்குள் முனகியிருக்கும். எண் கொஞ்சமாவது ஏறியிருக்கும். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு. கம்பளிக்குக் கை வலித்து மறு கைக்கு மாற்றினாள். நாலு.

"போதுமாண்ணே?"

"போதும். சாத்து."

ஐந்தாம் அறையின் கதவில் அவர் புறங்கையை வைத்தார். பிறகு திறந்து உள்ளே போய், எதிர்ச் சுவரில், மின்விசிறிக்குக் கீழே வைத்தார். அங்கே காற்று இல்லை. விசிறி நின்றிருந்தது. திரை வருவதற்கு முன்னால் கதவுகளில் இருந்த முள் வைத்த சூட்டுமானிகளைக் கழற்றி எங்கோ போட்டிருந்தார்கள். அதில் ஒன்றைக் கம்பளி எங்கிருந்தோ தூசியோடு எடுத்து வந்தாள். முள் எட்டைத் தாண்டி, பத்தைத் தாண்டி, பன்னிரண்டில் போய் நின்றது.

படிக்கட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்து கார்டிடம் பேசிப் பார்த்தார். செத்துப்போன கார்டு மௌனமாக இருக்காது. எதைக் கேட்டாலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒன்றுகளையே அடுக்கிப் பதில் சொல்லும். அறை எப்படி? ஒன்று. நீ யார்? ஒன்று. இருக்கிறாயா? ஒன்று. அவ்வளவு ஒன்றும் சேர்ந்தால் எந்த அறைக்கும் நடக்க முடியாத ஒரு பெரிய எண் ஆகும். அதைக் குளிர்க் குடித்தனம் சொல்லிக்கொடுத்தபடியே தள்ளிவிட்டு, கடைசியாகக் கேட்ட நல்ல எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரன் கேட்காவிட்டாலும் பெட்டி தனக்கென்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும், அதைப் புரட்டினார். கார்டு கத்தியிருந்தது. நேற்று மத்தியானமே கத்தியிருந்தது. திரும்பத் திரும்பக் கத்திவிட்டுப் போயிருந்தது.

வேன் காலையில் போய்விட்டது. அதில் இருந்தவை ஐந்தாம் அறைப் பெட்டிகள். குழந்தைகளுக்குப் போடுவது.

மேலாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். புறங்கை சொல்லிமுடிக்கும் வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கார்டு செத்துவிட்டது, திரையில் இருப்பது பழைய எண், ஐந்தாம் அறையில் விசிறி நின்றிருக்கிறது, பன்னிரண்டு காட்டுகிறது.

"மத்த ரூம்?"

"முள்ள வச்சுப் பாத்தாச்சு. சரியா இருக்கு."

"அஞ்சாம் ரூம்ல இருக்கறத ஒதுக்கி வைங்க. மெக்கானிக்கக் கூப்பிடுங்க." மூடியை மேசைமேல் வைத்தார். "எப்போலேர்ந்து இப்படி?"

புறங்கை பதில் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"இப்பதானே பாத்தீங்க? அப்ப இப்பலேர்ந்துதான். வேன் போன பிறகு போயிருக்கும். என்ன?"

அப்படியும் இருக்கலாம். கார்டு நேற்றுச் செத்திருந்தாலும் விசிறி இன்று காலைதான் நின்றிருக்கலாம். காலையில் கம்பளிக்குத் தூக்கம் வந்தது அவளுடைய சொந்தத் தூக்கமாக இருக்கலாம். இருக்கலாம் என்பது எதற்கும் இடம் கொடுக்கிற சொல். கார்டுக்கு வயதாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். காதை அடைத்தது யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவர் மேசையின் விளிம்பில் புறங்கையை வைத்திருந்தார். மேசை என்னவோ மேசையின் சூட்டில்தான் இருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து சார்" என்றார். "கார்டு சொல்லிச்சு. கேக்க விடாம பண்ணி வச்சிருந்தது நான்தான். நேத்து மத்தியானத்துக்கப்புறம் அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"அந்தக் கோடு..."

"அது கோடே இல்ல சார்."

மேலாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

"நல்லா மாட்டிவிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. "சங்கு ஊதக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். காதை அடைக்கச் சொன்னேனா? சொல்லல. ஆனா சொன்ன மாதிரிதான்." போனை எடுத்தார். அதிலிருந்த பேர்களை மேலும் கீழும் தள்ளித் தேடினார். "வேன்காரர் பேர என்னன்னு போட்டு வச்சிருக்கேன்னே மறந்துபோச்சு. ஆங்."

வேன்காரரின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"மொத ஆஸ்பத்திரியில எறக்கியாச்சே சார்! கையெழுத்தும் வாங்கிட்டேன்."

"திரும்ப ஏத்துங்க."

"ஏத்து எறக்குன்னு என்ன கண்ணாமூச்சி வெளையாட்டா? இடுப்பு என்ன கம்பெனி இடுப்பா?"

"யாருக்காவது போட்டுட்டாங்களா, அத மொதல்ல கேளுங்க."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம். கதவுச் சத்தம். ஒரு பெண் குரல். ஒரு குழந்தை எதற்கோ அழுதது. மேலாளரும் புறங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நர்சம்மா சொல்றாங்க, நாளைக்குத்தான் ஊசி போடற நாளாம். பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்லையாம்."

"அழுவறது?"

"அது முட்டியில அடிபட்ட புள்ள சார்."

மேலாளர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது இரண்டு பேருக்கும். பிறகு அவர் டப்பாவை மூடினார்.

சாயங்காலம் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டை உண்டு. பத்து டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள வெள்ளைக் கட்டம் நீலமாக மாறும், மறுபடி வெளுக்காது. திரை வந்தபின் கிடங்கில் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். நாள் பூராவும் வரிசை நின்றால் பார்த்திருப்பார்களா? பார்த்திருக்கலாம். கம்பளி ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தாள். மேல் தட்டில் இருந்த பெட்டிகள் எல்லாம் நீலம். கீழ்த் தட்டுப் பெட்டிகளில் சிலது வெள்ளை. அதையும் யாரும் நம்பவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தார்கள்.

"நான் காலையிலேயே வாயத் தெறந்து சொல்லியிருக்கணும்ணே" என்றாள் கம்பளி. "சொகமா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"நீ வந்து சொன்ன."

"புண்ணியமாப் போகும்னுல்ல சொன்னேன்." அவள் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, "நாளைக்கு உங்கள வரச் சொன்னார்" என்றார். "என்ன சொல்வார்னு தெரியல. எதுக்கும் வீட்ல சொல்லி வைங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொன்னது சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போனா போகட்டும்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "போகாது" என்றாள். பிறகு அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"ஏன்?"

"எறங்கல. வேலையில ஒண்ணு பண்ணிட்டேன்க்கா."

அவர் சொன்னார். குடித்தனம், கார்டு, அடைத்த காது, நேர்க்கோடு, வேன், அழுத குழந்தை. அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் காசு ஏறும் என்று சொல்லவில்லை.

"வேலை போயிடுமாடா?"

"போனாலும் போகும்."

"போக்கத்தவனே. ஒரு மெஷின் வாய வச்சுக் கத்துது, அதக் கேக்க முடியாம அப்படி என்ன அவசரம் உனக்கு?" குரல் அந்தக் காலத்துக் குரலாக ஏறியது. அவருக்கு அது பிடித்திருந்தது. "புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

"ஆகல."

"அப்ப மத்தத அப்பறம் பாத்துக்கலாம். எங்கிட்ட இதெல்லாம் நீ எப்பவுமே சொன்னதில்லையே. தெனமும் நல்லாப் போகுது நல்லாப் போகுதும்ப."

"நீயும் பரவால்லம்ப."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"டேய்" என்றாள் அக்கா. "நான் மாடிக்குப் போயி ரொம்ப நாளாச்சுடா. படியில வழுக்கிட்டேன். கீழ நடையிலதான் படுத்துக்கறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து தண்ணி எடுத்து வச்சுட்டுப் போறா."

"எப்போ விழுந்த?"

"விடு. விழுந்தாச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? சாப்டியான்னு கேப்ப. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். சாப்பிட்டது நெஜந்தானே."

மறுநாள் முதலாளி அவரை நிற்க வைத்தே பேசினார். யாருக்காவது ஊசி போட்டாயிற்றா என்று மறுபடி கேட்டார். இல்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இனி திரையை நம்பி ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது, எதைக் காட்டினால் நம்பலாமோ அதைச் செய்துவிட்டு வந்து சொல் என்றார். வேலை போகவில்லை. மேலே சொல்வதாக இருந்த பேரை மேலாளர் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கவே இல்லை என்று புறங்கை பிறகு சொல்லிக்கொண்டார். எதிர்பார்த்திருந்தார்.

அதே மாடலில் ஒரு பழைய கார்டு, கழற்றிப்போட்ட ஏதோ ஒரு கணினிப் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. குளிர்க் குடித்தனத்தை ஒருநாள் முழுக்க நிறுத்தினார்கள். அந்த நாள் பூராவும் கம்பளி முள் சூட்டுமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்த்து, நடைபாதையில் நின்று உரக்கச் சொன்னாள். "ஒண்ணாம் ரூம் நாலு! ரெண்டாம் ரூம் நாலரை! அஞ்சாம் ரூம் திருந்திருச்சு!" புறங்கை வீட்டுக்காரனின் காதைத் திறந்துவிட்டார். பிழை வந்தால் பூட்டாமல் குடித்தனக்காரனிடமே சொல்லச் செய்தார். அவனுக்குக் கேட்டுக்கொள்ளவும், கார்டை ஒருமுறை எழுப்பிப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்தப் பழைய வரியைத் தேடி எடுத்தார். நடக்க முடியாத எண் வந்தால் முந்தைய எண்ணைக் காட்டு. அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

சோதிப்பதற்காகக் கார்டை வேண்டுமென்றே மயங்க வைத்தபோது மேலாளர் பக்கத்தில் நின்றார். திரையில் ஆறு எண்களும் மறைந்து, ஆறு இடத்திலும் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

"இது என்ன?"

"கார்டு எந்திரிக்கற வரைக்கும் இப்படித்தான் சார் காட்டும்."

"தெரியவில்லைன்னா? இவ்ளோ பெரிய எழுத்துலயா? வெளியாளு யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நமக்குத் தெரியலன்னு நெனப்பாங்க."

கார்டு எழுந்துகொண்டது. எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூணே முக்கால், நாலு, நாலரை. கம்பளி இரண்டாம் அறையின் கதவைத் திறந்து பிடித்தாள். நாலரை மெதுவாக அசைந்து ஐந்தை நோக்கி நகர்ந்தது.

"ஏறுது ஏறுது" என்றார் மேலாளர். "சாத்தும்மா, போதும்."

விடுமுறை நாளில் புறங்கை பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனார். கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. நடையில் கட்டிலைப் போட்டிருந்தாள். மாடிக்கு ஏறும் படிகளில் அவளுடைய துணிகள், மாத்திரை, சீப்பு எல்லாம் கைக்கு எட்டும் உயரம் வரைக்கும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதற்கு மேலே இருந்த படிகளில் தூசி.

"இதுக்குப் போய் லீவு போட்டியா?"

"இன்னிக்கு லீவுதான்."

"சாப்டியா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவளுடைய முட்டியின் மேல் புறங்கையை வைத்தார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"சுடுதேக்கா."

"சுடும்" என்றாள். "மெதுவா வை. அங்கதான் வலிக்குது."